வெட்டிப்போட்ட முப்பத்தொரு பக்கம்

நீங்க அனுப்பின பதினாலு கேள்வியையும் படிச்சேன்மா. ரெண்டு எழுத்துப்பிழை, மூணு இடத்துல ஒற்று விட்டுப்போயிருக்கு. திருத்தி வெச்சிருக்கேன், போகும்போது எடுத்துட்டுப் போங்க. கோவிச்சுக்காதீங்க, முப்பத்தி நாலு வருஷப் பழக்கம். கல்யாணப் பத்திரிகை வந்தாக்கூட முதல்ல சிவப்புப் பேனாவைத்தான் தேடுவேன். எங்க சித்தி மகன் பத்திரிகையில ரெண்டு சுழி போட்டு அவன் கையிலயே திருப்பிக் கொடுத்தேன். அந்தச் சொந்தம் அதோட போச்சு.

ஃபோன்ல ரெக்கார்ட் ஆகுதா? சரி, அங்கேயே இருக்கட்டும்.

முதல் கேள்வி என்ன போட்டிருக்கீங்க? "இலக்கியப் பதிப்புத் துறையில் ஒரு பெண்ணாக நீங்கள் நிகழ்த்திய சாதனை என்ன?" மகளிர் தின மலர்னா இப்படித்தான் கேட்கணும், புரியுது. நேத்து காலையிலேருந்து யோசிச்சுப் பார்த்தேன். சாதனைன்னு ஒண்ணும் தட்டுப்படலை. ஒரு கூத்துதான் ஞாபகத்துக்கு வருது. அதைச் சொல்றேன், மலருக்கு ஆகாதுன்னா விட்டுடுங்க. என்னது? இல்லை இல்லை, மத்த பதிமூணு கேள்விக்கும் இதுலயே பதில் வந்துடும். இருங்க, சொல்றேன்.

என் பேரு தையல்நாயகி. சொந்த ஊர் சீர்காழிப் பக்கம். எங்க முதலாளி பேரு வைத்தியநாதன். எங்க ஊர்க்காரங்க யாராவது ஆபீசுக்கு வந்தா எங்க ரெண்டு பேர் பேரையும் கேட்டுட்டு, நம்ம ஊர்க் கோயில் சாமியும் அம்பாளும் இங்க வந்து கடை போட்டுட்டீங்களான்னு சிரிப்பாங்க. அவருக்குப் பிடிக்காது. அவர் தஞ்சாவூர்.

எம்.ஏ. தமிழ் முடிச்சுட்டு எண்பத்தேழுல அவரோட பதிப்பகத்துல சேர்ந்தேன். ராயப்பேட்டையில மாடியில ரெண்டு அறை. புரூஃப் பார்க்கிற வேலை. சேர்ந்த மூணாவது மாசம் ஒரு கவிதைத் தொகுப்பு வந்துச்சு. அதுல "அவள் கண்ணீர் வடித்தாள்"னு ஒரு வரி. அச்சுல "அவள் தண்ணீர் வடித்தாள்"னு வந்துடுச்சு, நான் கவனிக்கலை. வேலை போச்சுன்னு நினைச்சேன். ஒரு விமர்சகர் அந்த வரியை மட்டும் தனியா எடுத்து, பெண்ணின் துயரத்தைச் சமையலறைக்குள் கொண்டுவந்த புதிய படிமம்னு ஒரு பத்தி எழுதினார். கவிஞர் நேர்ல வந்து எனக்கு நன்றி சொல்லிட்டுப் போனார். இலக்கியத்துல எனக்குக் கிடைச்ச முதல் பாராட்டு அதுதான்.

ஆறு வருஷம் கழிச்சு என்னை எடிட்டர் ஆக்கினாங்க. யாராவது புது எழுத்தாளர் வருவார். என்னைப் பார்த்துட்டு, "எடிட்டர் இல்லையாம்மா? ஒரு காபி கிடைக்குமா?"ம்பார். நான் போய்க் காபி கொண்டுவந்து அவர் முன்னாடி வெச்சுட்டு, எதிர் நாற்காலியில உட்கார்ந்து, "சொல்லுங்க, நாலாவது அத்தியாயம் எதுக்கு?"ன்னு கேட்பேன். அந்த முகத்தைப் பார்க்கிறதுக்காகவே, ஆபீஸ்ல ஆள் வெச்சப்புறமும் நானே காபி கொண்டுபோயிருக்கேன்.

வெட்டுறதுல எனக்கு ஒரு பேர் உண்டு. ஐந்நூறு பக்கம் கொடுங்க, முந்நூறாக்கித் தருவேன். முந்நூறு கொடுங்க, இருநூறு. பேருலதான் தையல், கையில எப்பவும் கத்தரிதான். எழுத்தாளர்கள் எனக்கு வெச்சிருந்த பேரு கத்தரிக்காய். அது எனக்குத் தெரியாதுன்னு இன்னைக்கும் நினைச்சுட்டிருக்காங்க. ஆனா ஒண்ணு சொல்லணும்மா, நான் எல்லாரையும் பொறுமையா கேட்பேன். கேட்கத் தெரியாதவ எடிட்டரா இருக்க முடியாது. — இருங்க, அந்தக் கேள்விக்கு அப்புறம் வரேன்.

ரெண்டாயிரத்துப் பன்னெண்டு. ஏப்ரல் மாசம். கோவில்பட்டியிலேருந்து ஒரு பார்சல் வந்துச்சு. நாலு நோட்டு, நீளவாக்குல இருக்கிற கணக்கு நோட்டு. மொத்தம் அறுநூத்து நாற்பது பக்கம், குண்டு குண்டா நீல மையில எழுத்து. பேரு லில்லி பாக்கியம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல ஆபரேட்டரா சேர்ந்து முப்பத்தெட்டு வருஷம் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவங்க. அதுல முதல் பதினெட்டு வருஷம் போர்டுல உட்கார்ந்து, காதுல ஹெட்ஃபோனை மாட்டிக்கிட்டு, ஒவ்வொரு வயரா சொருகி ஊருக்கு லைன் கொடுத்தவங்க. உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. அப்பல்லாம் வெளியூருக்குப் பேசணும்னா டிரங்க் கால் புக் பண்ணிட்டுக் காத்திருக்கணும். மூணு நிமிஷம் ஆனதும் ஆபரேட்டர் நடுவுல வந்து ஞாபகப்படுத்துவாங்க. நாவலுக்குப் பேரே அதுதான், "மூணு நிமிஷம் ஆச்சு".

முதல் நோட்டை ஒரே மூச்சுல படிச்சேன். மில்லு, தீப்பெட்டி ஆபீஸ், கல்யாணம், சாவு, ஓடிப்போனவங்க, ஓடிப்போகப் போறவங்க, ஊரோட பேச்சு முழுக்க எக்ஸ்சேஞ்சுல இருக்கிற ஏழு ஆபரேட்டர் பொண்ணுங்க காது வழியா வருது. இது பெரிய புத்தகம்னு எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சதும் என்ன பண்ணினேன்? பேனாவை எடுத்தேன். எனக்குப் பிடிச்சுப்போச்சுன்னா கை சும்மா இருக்காது.

"ஹலோ, ஹலோ"ன்னு பக்கத்துக்குப் பக்கம் வரும். வெட்டினேன். ஒருத்தர் சொன்னதையே இன்னொருத்தர்கிட்ட திருப்பிச் சொல்வார். வெட்டினேன். மூணாவது நோட்டுல ஒரு அத்தியாயம். ஒரு அம்மா வாராவாரம் வியாழக்கிழமை ஒரு நம்பருக்குப் போடச் சொல்றாங்க. மணி அடிக்குது, யாரும் எடுக்கலை. அடுத்த வியாழக்கிழமை. மணி அடிக்குது, யாரும் எடுக்கலை. அதுக்கடுத்த வியாழக்கிழமை. ஆறு பக்கம் பார்த்தேன். மொத்தமா முப்பத்தொரு பக்கத்துக்கும் குறுக்குக் கோடு போட்டு, ஓரத்துல "ஒன்றும் நடக்கவில்லை"ன்னு எழுதினேன்.

கடைசியில இருநூத்து எட்டுப் பக்கம் நின்னுச்சு. சிக்குன்னு இருந்துச்சு. அவங்களுக்கு ஃபோன் பண்ணி, எதை எதை எடுத்திருக்கேன், ஏன் எடுத்திருக்கேன்னு நாற்பது நிமிஷம் விளக்கினேன். அந்தப் பக்கத்துலேருந்து சத்தமே இல்லை. நான் முடிச்சதும், "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் மேடம்"னாங்க. எவ்வளவு பக்குவமான எழுத்தாளர்னு முதலாளிகிட்ட சொல்லிச் சொல்லி மாய்ஞ்சுபோனேன்.

டிசம்பர்ல வெளியீட்டு விழா. ஜனவரியில புத்தகக் கண்காட்சி, அதுக்கு முன்னாடி எல்லாப் புத்தகத்தையும் வெளியிட்டுடணும். சின்ன ஹால், எண்பது பேர் இருப்பாங்க. லில்லி பாக்கியத்தை அன்னைக்குத்தான் முதல் தடவை நேர்ல பார்க்கிறேன். கஞ்சி போட்ட காட்டன் புடவை, ஒல்லியா உயரமா இருந்தாங்க. புத்தகத்தைக் கையில கொடுத்தோம். அட்டையைத் தடவிப் பார்த்தாங்க, எடை பார்க்கிற மாதிரி ஒரு தடவை தூக்கிப் பார்த்தாங்க. உள்ளே பிரிக்கலை.

பேச வேண்டியவங்கல்லாம் பேசி முடிச்சதும், ஆசிரியர் புத்தகத்துலேருந்து ஒரு பகுதி வாசிக்கணும்னு நான்தான் சொல்லியிருந்தேன். நாற்பத்திரண்டாம் பக்கத்துல அடையாளத்துக்குக் காகிதம்கூட வெச்சுக் கொடுத்தேன். அவங்க மைக்குக்கு வந்தாங்க. புத்தகத்தை மேஜை மேல வெச்சாங்க. "படிக்கக் கண்ணாடி கொண்டுவரலை. ஒண்ணு சொல்லுதேன், கேளுங்க"ன்னாங்க. கண்ணாடி அவங்க மூக்கு மேல இருந்துச்சு.

அந்த வியாழக்கிழமை அம்மா கதையைச் சொன்னாங்க.

ஆவுடையம்மாள்னு பேரு. எக்ஸ்சேஞ்ச் வாசல்ல பொது டெலிபோன் அறை ஒண்ணு இருக்கும், உள்ளே போர்டுல இருக்கிறவங்களுக்குக் கண்ணாடி வழியா தெரியும். வியாழக்கிழமை மூணு மணிக்கு அங்க வந்து உட்காருவா. தூத்துக்குடியில தங்கச்சி சங்கரவடிவு வீட்டு நம்பர். ஒரு கல்யாணத்துக்கு அழைச்ச முறை சரியில்லைன்னு அக்கா தங்கச்சி ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. மணி அடிக்கும். பன்னெண்டு தடவை அடிச்சதும் ஆவுடையம்மாள், "போதும்மா, இருக்கா"ன்னு எழுந்திருப்பா. ஒருநாள் ஆபரேட்டர் பொறுக்கமுடியாம கேட்டுட்டா, எடுக்காத ஃபோனுக்கு எதுக்கும்மா வாராவாரம் வர்றீங்கன்னு. அதுக்கு அவ சொன்னா: "மணி அடிக்கிறது அவளுக்குக் கேக்கும். நான்தான்னு தெரியும். எடுக்க மாட்டா. எடுக்காம இருக்கிற வரைக்கும் நல்லா இருக்கான்னுதானே அர்த்தம்."

இதையெல்லாம் லில்லி பாக்கியம் அவசரமே இல்லாம சொன்னாங்க. ஒவ்வொரு வியாழக்கிழமையா சொன்னாங்க. நாலு வருஷம் அப்படியே போச்சுன்னாங்க. அப்புறம், "ஒரு வியாழக்கிழமை, நாலாவது மணியிலயே ஃபோனை யாரோ எடுத்துட்டாங்க"ன்னு சொல்லி நிறுத்தினாங்க. கும்பிட்டுட்டு வந்து உட்கார்ந்துட்டாங்க.

முன்வரிசையில ஒரு பொண்ணு முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டா. நானும் மத்தவங்களை மாதிரியே நாற்காலி நுனிக்கு வந்திருந்தேன். ஏன்னா எனக்கும் அது அப்பத்தான் தெரியும். இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்லை. அந்த ஃபோனை யாரோ எடுக்கிறாங்கன்னே எனக்குத் தெரியாது. நான் ஆறு பக்கம்தான் படிச்சேன்.

அப்போ மூணாவது வரிசையில ஒரு பெரியவர் எழுந்தார். புத்தகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரட்டிட்டு, "இது எத்தனாவது பக்கத்துலம்மா இருக்கு?"ன்னு கேட்டார். உடனே ஹால் முழுக்கப் பக்கம் புரட்டுற சத்தம். மேடையில சிறப்பு விருந்தினரும் புரட்டினார். அவர் முழுசாப் படிச்சுட்டு வந்து அரை மணி நேரம் பேசியிருந்தார், பாவம், தான்தான் எங்கேயோ விட்டுட்டோம்னு நினைச்சுட்டார்.

லில்லி பாக்கியம் என் பக்கம் திரும்பினாங்க. "மேடத்துக்குத்தான் தெரியும்"னாங்க.

அதுல குத்தல் இருந்துதான்னு கேட்டா, இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியலை.

நான் என்ன செய்திருக்கணும்? வெட்டிட்டேங்க, தப்புதான்னு சொல்லியிருக்கணும். மைக்கை வாங்கினேன். "அந்த அத்தியாயம் இரண்டாம் பாகத்தில் வருகிறது"ன்னேன். அவ்வளவு சுத்தமான தமிழ், எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு. கைதட்டல் பொரிஞ்சுது. எல்லாரையும் விட அதிகமா தட்டினவர் எங்க முதலாளி. அப்படி ஒரு பாகம் இருக்குன்னு அவருக்கும் அப்பத்தான் தெரியும். அதைப் பொய்னு நான் சொல்ல மாட்டேன்மா. ஒரு முன்னேற்பாடு.

கண்காட்சியில பன்னெண்டு நாளும் அந்தக் கேள்விதான். "அந்த வியாழக்கிழமைக் கதை இதுல இருக்கா?" இல்லைங்க, இரண்டாம் பாகத்துல. "எப்போ வரும்?" விரைவில். கையில எடுத்த புத்தகத்தை அப்படியே வெச்சுட்டு, அது வரட்டும், சேர்த்து வாங்கிக்கிறேன்னு போயிடுவாங்க. ஒரு அம்மா கோவில்பட்டி சம்பந்தியோட வந்து, ஆவுடையம்மாளை எங்களுக்குத் தெரியும், எந்தத் தெருன்னு சொல்லுங்கன்னு சண்டைக்கே வந்துட்டாங்க. முதலாளி ஸ்டால்ல ஒரு போர்டு எழுதி மாட்டிட்டார், "மூணு நிமிஷம் ஆச்சு: இரண்டாம் பாகம் விரைவில்". அதுலயும் ஒரு பிழை இருந்துச்சு. ஏணி போட்டு ஏறி நான்தான் திருத்தினேன்.

கண்காட்சி முடிஞ்ச மறுநாள் அந்த நாலு நோட்டையும் தேடினேன். நவம்பர்ல ராயப்பேட்டையிலேருந்து நந்தனத்துக்கு ஆபீஸ் மாறியிருந்துச்சு. எது வேணும் எது வேண்டாம்னு மூட்டை பிரிச்சது நான். வேண்டாத மூட்டையில எல்லாம் சிவப்புப் பேனாவால "தேவையில்லை"ன்னு எழுதி ஒட்டினதும் நான். அதெல்லாம் எடைக்குப் போயி ரெண்டு மாசமாச்சு. புது ஆபீஸ்ல நாலு நோட்டும் இல்லை. மூணு நாள் தேடினேன். டைப் பண்ணின பொண்ணைக் கேட்டேன். நீங்க கோடு போட்டதையெல்லாம் விட்டுட்டுத்தான் அடிச்சேன் மேடம், நீங்கதானே சொன்னீங்கன்னா. அதுவும் சரிதான்.

ஆனா ஒண்ணு கேட்கிறேன். யாராவது ஜெராக்ஸ் எடுக்காம கையெழுத்துப் பிரதியை அனுப்புவாங்களா? அது அவங்க செய்த தப்பு. அதை நான் இன்னைக்கும் சொல்வேன்.

கோவில்பட்டிக்கு ரயில் ஏறினேன். ஆபீஸ்ல யாருக்கும் காரணம் சொல்லலை, இரண்டாம் பாகம் விஷயமாப் போறேன்னு மட்டும் சொன்னேன். எல்லாரும் கடலைமிட்டாய் வாங்கிட்டு வரச் சொன்னாங்க.

ரயில்வே லைனுக்குப் பக்கத்துல வீடு. கணவர் தவறிட்டார், மகள் ஓசூர்ல இருக்கா. தனியாத்தான் இருந்தாங்க. என்னைப் பார்த்ததும் ஆச்சரியப்பட்ட மாதிரியே தெரியலை. உட்கார வெச்சு, தண்ணி கொடுத்து, ரயில் சௌகரியமா இருந்துதான்னு கேட்டாங்க. நானும் சுத்தி வளைச்சுப் பேசிட்டு, அந்த அத்தியாயத்தோட நகல் ஏதாவது இருக்கான்னு கேட்டேன்.

"நோட்டு உங்ககிட்டதானே மேடம் இருக்கு?"

"இருந்துச்சு. கரையான் அரிச்சுப்போச்சு. ஆபீஸ் மாறினப்போ பார்த்தா, நாலு நோட்டுலயும் கரையான்."

அவங்க டம்ளரை எடுத்துக் கீழ வெச்சாங்க. அப்புறம் மெதுவா சொன்னாங்க: "பதினெட்டு வருஷம் ஊரே பேசுனதைக் கேட்டிருக்கேன் மேடம். மனுஷங்க பொய் சொல்லும்போது குரல் கொஞ்சம் மேல போகும். நல்லவங்க கெட்டவங்க எல்லாருக்கும் போகும். உங்களுக்கும் போகுது."

எடைக்குப் போட்டுட்டேன்னு சொன்னேன். நானே மூட்டை கட்டினேன்னு சொன்னேன். ஆறு பக்கத்துக்கு மேல படிக்கலைன்னு மட்டும் சொல்லலை. அதுவும் அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நினைக்கிறேன்.

எழுந்து சமையற்கட்டுக்குப் போயிட்டாங்க. காபி போடப் போறாங்கன்னு நினைச்சேன். அடுப்பு பத்த வைக்கிற சத்தமே கேட்கலை. ஒரு பாத்திரம்கூட நகரலை. ஒரு ரயில் போச்சு, இன்னொரு ரயில் போச்சு. நான் கைப்பையைத் திறந்து திறந்து மூடிட்டு இருந்தேன். ரெண்டு வருஷம் ராத்திரி பகலா எழுதினதும்மா அது. அந்தக் குண்டு எழுத்தை அன்னைக்குத்தான் நினைச்சுப் பார்த்தேன். நோட்டு கையில இருந்த வரைக்கும் அதைத் திருத்துறதுக்கு ஒரு பொருளாத்தான் பார்த்தேன்.

வெளியே வந்தப்போ கண்ணு சிவந்திருந்துச்சு, குரல் எப்பவும் போல இருந்துச்சு. வலது கையை நீட்டிக் காட்டினாங்க. பெருவிரல் மூட்டு வீங்கி இருந்துச்சு. "இனிமே என்னால எழுத முடியாது. எழுதுனதுதான் போச்சு, சொல்லுறது போகலை. நான் சொல்லுதேன், நீங்க எழுதுங்க. அந்த ஒரு அத்தியாயம் மட்டுமில்லை, நீங்க எடுத்ததெல்லாம். ஒரு வார்த்தை மாத்தக்கூடாது. நடுவுல பேசக்கூடாது. பேசுனா லைன் கட்."

நான் சரின்னேன். கேட்டு எழுதுறதுல என்ன கஷ்டம், நமக்குத்தான் பொறுமை உண்டேன்னு நினைச்சேன்.

கடையில போய் அதே மாதிரி நாலு நோட்டு வாங்கிட்டு வந்தேன். பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு லாட்ஜுல அறை எடுத்தேன். மறுநாள் காலையில பத்து மணிக்கு ஆரம்பிச்சாங்க. பத்து அஞ்சுக்கு, "ரிசீவரைக் கையில் எடுத்து"ன்னாங்க. நான் தலையைத் தூக்கி, ரிசீவரை வேற எதுல எடுப்பாங்க, "கையில்" வேண்டாமேன்னேன். அவங்க என்னை ஒரு பார்வை பார்த்துட்டு, பையை எடுத்துக்கிட்டு மார்க்கெட்டுக்குப் போயிட்டாங்க. அன்னைக்கு வேலை அவ்வளவுதான்.

ரெண்டாவது நாள் பதினொண்ணு வரைக்கும் தாங்கினேன். ஒருத்தி "சரிம்மா, சரிம்மா, சரிம்மா"ன்னு சொல்லிட்டு ஃபோனை வைக்கிறா. ஒரு சரிம்மா போதாதான்னு கேட்டேன். "அவ மூணு தடவைதான் சொன்னா"ன்னுட்டு மார்க்கெட்டுக்குக் கிளம்பினாங்க. மூணாவது நாள் நான் வாயே திறக்கலை, ஆனா பெருமூச்சு விட்டிருக்கேன். அதுக்கும் மார்க்கெட். அந்த வாரம் அவங்க வீட்டுல கத்தரிக்காய் குவிஞ்சுபோச்சு. என் பட்டப்பேரு அவங்களுக்குத் தெரியுமோன்னு ஒரு சந்தேகம் வந்துச்சு, கேட்க தைரியம் இல்லை.

நாலாவது நாள்லேருந்து வேகம் பிடிச்சுது. அவங்க கண்ணை மூடிக்கிட்டு சொல்வாங்க. நடுவுல நான் எழுதி முடிக்கலைன்னா எப்படித் தெரியுமோ, அங்கேயே நிறுத்திக் காத்திருப்பாங்க. ஏழாவது நாள், "மேடம்"ங்கிறது "தங்கச்சி" ஆச்சு. நானும் அக்கான்னேன்.

ஒன்பதாவது நாள் ஆவுடையம்மாள் வந்தா.

மேடையில சொன்ன மாதிரி இல்லைம்மா அது. அங்க பத்து நிமிஷத்துல சொன்னது. இங்க முழுசும். "மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை. போதும்மா, இருக்கா என்றாள்." இதை எழுதுவேன். அடுத்த வியாழக்கிழமை. அவ குடை கொண்டுவந்திருப்பா. மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை. அடுத்ததுல கையில மல்லிகைப்பூ இருக்கும். மணி அடித்தது. ஒரு வியாழக்கிழமை காய்ச்சலோட வந்து, ஆறு தடவை மணி அடிச்சதுமே உட்கார முடியாம எழுந்துடுவா. நான் மனசுக்குள்ள வெட்டிக்கிட்டே எழுதினேன், இருபது வரைக்கும். அப்புறம் கை தானா எழுத ஆரம்பிச்சுது. நாற்பதாவது வியாழக்கிழமையோ என்னவோ, "யாரும் எடுக்கவில்லை"ன்னு எழுதினதும் எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. கவனிச்சீங்களா? எடுக்கலைன்னா நிம்மதி. ஒவ்வொரு தடவையும் "மணி அடித்தது"ன்னு அக்கா சொன்னதும் பேனாவை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, எடுத்துடக்கூடாது, எடுத்துடக்கூடாதுன்னு காத்திருந்தேன். என்ன நடக்கப்போகுதுன்னு எனக்குத்தான் தெரியுமே. தெரிஞ்சும் அப்படி.

நான்காவது மணியில் எடுத்தார்கள்னு சொன்னாங்க.

எனக்கு எழுத வரலை. அவங்க காத்திருந்தாங்க. கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் எழுதினேன்.

மேடையில அங்கேயே நிறுத்தியிருந்தாங்க இல்லையா, நாவல்ல அதுக்கு மேல இருந்துச்சு. ஒரு ஆம்பளைக் குரல் "யாருங்க"ன்னு கேட்குது. பின்னால அழுகைச் சத்தம். ஆபரேட்டருக்குப் புரிஞ்சுபோச்சு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆவுடையம்மாள் எழுந்து நின்னு, யாரு எடுத்ததுன்னு கேட்கிறா. ஆபரேட்டர் வயரைப் பிடுங்கிட்டு, "ராங் நம்பர்மா. லைன் மாறிப்போச்சு. வீட்டுக்குப் போயிட்டு அடுத்த வாரம் வாங்க"ங்கிறா. ஆவுடையம்மாள் அவளையே பார்த்துட்டு, "சரிம்மா"ன்னு சொல்லிட்டுப் போறா. தந்தி சாயங்காலம்தான் வருது. அந்த மூணு மணி நேரம் அவளுக்கு ஒரு தங்கச்சி இருந்தாள்னு முடியும்.

நான் பேனாவை வெச்சுட்டேன். பேசக்கூடாதுன்னு தெரியும். இருந்தாலும் கேட்டேன். "அக்கா, நிஜமாவே அப்படிச் சொன்னீங்களா?"

"நாவல்தானே தங்கச்சி"ன்னாங்க. குரல் கொஞ்சம் மேல போச்சு.

அன்னைக்கு அவங்க மார்க்கெட்டுக்குப் போகலை. ரெண்டு பேரும் உட்கார்ந்து கத்தரிக்காய் நறுக்கினோம்.

பதினோரு நாள்ல முடிஞ்சுது. இரண்டாம் பாகமா போட வேண்டாம், எல்லாத்தையும் சேர்த்து ஒரே புத்தகமா போடுவோம்னு முதலாளிகிட்ட சொன்னேன். போர்டு வெச்சுட்டோமேம்மா, ஜனங்க என்ன நினைப்பாங்கன்னு அவர் ஒரு வாரம் புலம்பினார். எதுக்காக மாத்தணும்னு கேட்டார். நான் வெட்டினது தப்புன்னு சொன்னேன். இருபத்தஞ்சு வருஷத்துல அவர் முன்னாடி அந்த வார்த்தையை நான் சொன்னதில்லை. அவர் பயந்துபோய், உடம்பு சரியில்லைன்னா லீவு எடுத்துக்கோம்மான்னார்.

அந்த வருஷக் கடைசியில அறுநூத்துப் பன்னெண்டு பக்கத்துல வந்துச்சு. எழுத்தைக் கொஞ்சம் சின்னதாக்கினோம், வேற ஒண்ணும் செய்யலை. "ரிசீவரைக் கையில் எடுத்து" அப்படியே இருக்கு. மூணு சரிம்மாவும் இருக்கு. அடுத்த கண்காட்சியில அந்த மூணாவது வரிசைப் பெரியவர் வந்து, ஸ்டால்லயே நின்னு வியாழக்கிழமையைத் தேடிப் பிடிச்சுப் படிச்சுட்டு, முதல் பாகத்தையும் இதையும் வெச்சுப் பார்த்தா இது கொஞ்சம் பெரிசா இருக்கேம்மான்னார். ஆமாங்கன்னேன்.

அதுக்கப்புறம் நான் திருந்திட்டேனான்னு கேட்கிறீங்களா? கேட்கலையா? சரி, கேட்டிருந்தா இல்லைன்னு சொல்லியிருப்பேன். அடுத்த மாசமே ஒரு நாவல் வந்துச்சு, நானூறு பக்கம். இருநூத்து எழுபதா ஆக்கினேன். ஆனா கடைசி வரைக்கும் படிச்சுட்டுத்தான் ஆக்கினேன்.

இன்னும் ஒண்ணு இருக்கு, அதோட முடிச்சுடறேன். புத்தகம் அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி அக்கா நன்றியுரை அனுப்பினாங்க. மகளை விட்டு எழுதச் சொல்லி, கீழ கோணல்மாணலா ஒரு கையெழுத்து. நாலே வரி. கர்த்தருக்கு, கூட வேலை பார்த்த ஆறு பேருக்கு, மகளுக்கு. கடைசி வரி: "நான் சொல்லச் சொல்ல, பதினோரு நாளும் ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கேட்டு எழுதிய தையல்நாயகிக்கு."

இருபத்தஞ்சு வருஷத்துல முந்நூறு புத்தகத்துக்கு மேல என் கை பட்டிருக்கு. எதுலயும் என் பேரு வந்ததில்லை. வந்தா நானே எடுத்துடுவேன், எடிட்டர் பேரு எதுக்கு இடத்தை அடைச்சுக்கிட்டுன்னு. இதுல அதுக்கும் மேல ஒரு தகவல் பிழை. உடனே ஃபோன் பண்ணினேன். அக்கா, கடைசி வரி தப்பு, நான் முதல் நாள் பத்து அஞ்சுக்கே பேசினேன், ரெண்டாவது நாள் பதினொரு மணிக்கு, மூணாவது நாள் பெருமூச்சு, ஒன்பதாவது நாள் பேனாவையே வெச்சுட்டேன்னு ஒண்ணு விடாம சொன்னேன். அவங்க முழுசாக் கேட்டாங்க.

"முடிச்சாச்சா?"

"முடிச்சாச்சுக்கா."

"அப்படியே இருக்கட்டும், தங்கச்சி."

இப்போ ஆறு பதிப்பு வந்தாச்சு. நான் ரிட்டயர் ஆனப்புறமும் அந்தப் புத்தகத்துக்கு மட்டும் புரூஃப் எனக்குத்தான் அனுப்புவாங்க. முதல் பக்கத்துலேருந்து கவனமா பார்த்துட்டு வருவேன். அந்த வரி வந்ததும் பேனாவை மூடிடுவேன். ஒரு தடவை படிச்சுட்டு, பக்கத்தைத் திருப்பிடுவேன்.